ஏழாவது படியில் ஒரு வாளி

நான் கஞ்சம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றிப் பேச வாயைத் திறக்கிறவர்கள் எல்லாரும் அந்த வார்த்தையில்தான் ஆரம்பிப்பார்கள். இருப்பதை அனுபவிக்காமல் பூட்டி வைக்கிறவர்கள்தான் கஞ்சம். நான் ஒரு துளி விடாமல் அனுபவிக்கிறவள்.

உருளைக்கிழங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக அலம்பி, தோலோடு நறுக்கி, அரைக் கரண்டி எண்ணெய் விட்ட கனமான சட்டியில் பரப்பி, உப்புத் தூவி மூடிவிட வேண்டும். கிளறவே கூடாது. கை அரிக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் கழித்துத் திருப்பினால் தோல் பக்கம் முறுகி, கடிக்கும்போது சத்தம் கேட்கும். தோலைச் சீவி எறிகிறவர்கள் அந்தச் சத்தத்தையும் சேர்த்து எறிகிறார்கள். கீரைத் தண்டு எனக்கு சூப். முலாம்பழ விதை ஜன்னல் விளிம்பில் காய்ந்தால் மாலைக்குக் கொறிக்க ஆயிற்று. எலுமிச்சையில் பாதி இன்றைக்கு வெந்நீரில், பாதி நாளைக்கு. பிழிந்த மூடியால் டம்ளரைத் தேய்த்தால் புதிதாக வாங்கியது போல் மின்னும். தேய்த்து முடித்ததை வெயிலில் காயவைத்துத் துணி அலமாரியில் போட்டுவிடுவேன். என் புடவைகளுக்கு என்ன வாசனை என்று சலவைக் கடை முதலாளியே ஒரு நாள் கேட்டார்.

அந்தச் சலவைக் கடையின் பின்கட்டில்தான் என் தையல் மிஷின். காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை வேலை. வெளுக்க வரும் துணிகளில் அறுந்த பட்டன், வாயைப் பிளந்த ஜிப், பிரிந்த மடிப்பு எல்லாம் என்னிடம் வரும். காலர் திருப்புவதில் எனக்கு நிகர் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. தேய்ந்த காலரைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டால், சட்டைக்கு இன்னும் மூன்று வருஷம் ஆயுசு. போட்டுக்கொண்டு போகிறவருக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்தால் நான்கு மணிக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வரும். தரையில் ஒரு பாய் அளவுக்கு விழுந்து, இருபது நிமிடம் இருந்துவிட்டுப் போகும். அதில் காலை நீட்டிக்கொண்டு புதினா போட்ட தேநீர் குடிப்பேன். ரொட்டித் தூளுக்கு இரண்டு குருவி வரும். ஒன்றுக்கு வால் பாதிதான். அது என்னைப் போலவே சண்டைக்காரி, மற்றதைக் கிட்டவே விடாது.

எல்லாம் சரி. ஆனால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். ‘ஆஹா, என்ன ருசி!’ என்று தனியாக உரக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொன்ன பிறகு வீடு இன்னும் அமைதியாகிவிட்டது. அதற்கப்புறம் சொல்வதில்லை.

ஆள் இல்லாமல் இல்லை. கீழ் வீட்டிலேயே இருந்தாள், சின்னவள். என் கணவரின் தம்பி மனைவி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய வீடு இது. மேலே நாங்கள், கீழே அவர்கள். முதலில் தம்பி போனார். இரண்டு வருஷம் கழித்து என்னவர். மிச்சம் நானும் அவளும்தான். ஆறு வருஷமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

காரணம் இதுதான். என்னவருக்கு மூன்று மாதமாக இருமல். இஞ்சியும் தேனும் கொடுத்தேன், மிளகுக் கஷாயம் கொடுத்தேன். டாக்டரிடம் போகலாம் என்றால், “இதுக்கெல்லாமா டாக்டர்?” என்று அவரே சிரித்தார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நேரம் கடந்திருந்தது. அங்கே வராந்தாவில், உறவுக்காரர்கள் இத்தனை பேர் நிற்க, சின்னவள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்: “மிச்சம் பிடிச்சு மிச்சம் பிடிச்சே அவரையும் முடிச்சுட்டீங்களே அக்கா!”

அவளுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காதும் பாதிதான். அதனால் எதைச் சொன்னாலும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொல்வாள். அன்றைக்கும் அப்படித்தான். அவள் சொன்னதில் பாதி உண்மை என்று எனக்கே தோன்றியதுதான் ஆறவே இல்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு மறுநாள் பேசியிருப்பேன்.

பேச்சு நின்றது. வாளி மட்டும் நிற்கவில்லை.

கீழே பின்பக்கத்தில் சின்னவளின் எலுமிச்சை மரம் இருக்கிறது. அதற்கு எங்கள் இரண்டு வீட்டுக் காய்கறித் தோலும் முட்டை ஓடும்தான் உரம். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். பின்புறப் படிக்கட்டில் பதினான்கு படி. ஏழாவது படியில் திருப்பம். நான் மாலையில் நீல வாளியை அந்த ஏழாவது படியில் வைப்பேன். அவளுக்கு முட்டிவலி, அதற்கு மேல் ஏற மாட்டாள். காலையில் வாளி அலம்பிக் கவிழ்த்திருக்கும். நிமிர்த்தினால் அடியில் இரண்டு எலுமிச்சை இருக்கும், சில நாள் ஒரு பிடி புதினா, காய்த்த காலத்தில் தக்காளி. அவர் போன பதினாறாம் நாள், பழக்க தோஷத்தில் வாளியை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். காலையில் பார்த்தால் இரண்டு எலுமிச்சை. அப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

போன பனிக்காலத்தில்தான் வம்பு ஆரம்பித்தது. இரண்டு வீட்டுக்கும் பால் போடுகிற பால்காரம்மா வாசலில் நின்றுகொண்டு இழுத்தாள்.

“அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க ஒழுங்கா சாப்பிடறீங்களா?”

“ஏன், உன்கிட்ட யாசகம் கேட்டேனா?”

“ஐயோ, நான் கேக்கலக்கா. கீழ அம்மாதான் கேக்கச் சொன்னாங்க. வாளியில ஒண்ணுமே வரமாட்டேங்குதாம். ஒரு முட்டை ஓடு, கொஞ்சம் டீத்தூள், அவ்ளோதானாம். மனுஷி பட்டினி கிடக்கறாங்களோன்னு...”

எனக்குச் சுருக்கென்றது. அடிப்பாவி! என் தோலை எண்ணிக்கொண்டா இருக்கிறாய்? உருளைக்கிழங்குத் தோல் என் வயிற்றில் இருக்கிறது, கீரைத் தண்டு என் வயிற்றில் இருக்கிறது, உன் வாளிக்கு எப்படி வரும்? ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னது போதாது, இப்போது பால்காரம்மா வரைக்கும் என் மிச்சம் பிடிக்கும் பேர் போக வேண்டுமா? இரு, காட்டுகிறேன் உனக்கு என்று கறுவிக்கொண்டேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் சலவைக் கடைக்குப் பக்கத்து ஜூஸ் கடைக்குப் போனேன். கடைக்காரி ஒரு கூடை நிறைய ஆரஞ்சுத் தோலையும் முலாம்பழத் தோலையும் குப்பையில் கொட்டப் போய்க்கொண்டிருந்தாள்.

“அதை எனக்குக் குடும்மா.”

“எதுக்குக்கா இவ்ளோ தோலு? மாடு வாங்கிட்டீங்களா?”

“ஆமா. கீழ் வீட்டுல ஒண்ணு கட்டிப் போட்டிருக்கு. தீனி பத்தலையாம்.”

அன்று மாலை வாளி தளும்பியது. ஏழாவது படியில் வைத்துவிட்டு மேலே வந்து, வெயில் போன தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அதற்குப் பிறகு எனக்கே அது ஒரு பித்தாகிவிட்டது. தினமும் ஒரு பை தோல். பூசணிக் குடல், வாழைப்பழத் தோல், கொண்டையோடு அன்னாசித் தலை. பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், அப்படி ஒரு வாசனை. முட்டைக்கு வேறு ஒரு தந்திரம் செய்தேன். ஞாயிறு தவிர தினம் ஒரு முட்டைதான் சாப்பிடுவேன், ஓட்டைச் சேர்த்து வைத்து சனிக்கிழமை மாலை ஆறு ஓட்டையும் ஒன்றாகப் போடுவேன். பாரடி, ஒரே வேளையில் ஆறு முட்டை. நான் பட்டினியா கிடக்கிறேன்?

என் சாப்பாடு அதே உருளைக்கிழங்குதான், அதே அரை எலுமிச்சைதான். வாளியில் மட்டும் விருந்து.

கீழிருந்தும் பதில் வந்தது. இரண்டு எலுமிச்சை நான்காயிற்று. புதினா ஒரு பிடி போய் ஒரு கட்டாயிற்று. ஒரு நாள் காலையில் வாளியை நிமிர்த்தினால், சின்னக் காகிதப் பொட்டலம். பிரித்தேன். உள்ளே கலர் கலராக ஆறு மிட்டாய்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிண்டல் செய்கிறாளா? ஆறு முட்டைக்கு ஆறு மிட்டாயா? முதலில் கோபம் வந்தது. பிறகு ஒன்றை வாயில் போட்டேன், ஆரஞ்சு ருசி. யாரோ எனக்கென்று பொட்டலம் கட்டி வைத்த பண்டம் என் வாய்க்கு வந்து எத்தனை வருஷம்! நாளைக்கு ஒன்றாக, நான்கு மணி வெயிலில் உட்கார்ந்து, கடிக்காமல் சப்பி, ஆறு நாள் தின்றேன். அந்த ஆறு நாளும் கீழே போய்க் கதவைத் தட்டலாமா என்று யோசித்தேன். தட்டவில்லை. வீம்பு. என் அலமாரியில் குறையாமல் இருந்த சாமான் அது ஒன்றுதான்.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், வழக்கமாக வாசல் பையில் பாலைப் போட்டுவிட்டுப் போகிற பால்காரம்மா கதவைத் தட்டி, பாக்கெட்டை நீட்டிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“பேரப்பிள்ளை தூங்குதாக்கா?”

“எந்தப் பேரப்பிள்ளை?”

“உங்க பொண்ணு குடும்பத்தோட வந்து தங்கியிருக்காங்களாமே? கீழ அம்மா சொன்னாங்க. ரெண்டு மாசமா வாளி வாளியா தோல் வருது, அஞ்சாறு பேர் சமையல் நடக்குது, வீடே கலகலன்னு இருக்கும்னு சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டாங்க.”

என் மகள் இருப்பது கடல் தாண்டி. வந்து நான்கு வருஷம் ஆகிறது. அவள் மகனுக்கு ஏழு வயது. அவனுக்குத்தான் அந்த மிட்டாய்! சின்னவளுக்குக் காது கேட்காது, முட்டிவலியால் மேலே ஏறவும் முடியாது. மேல் வீட்டில் யார் நடக்கிறார்கள், எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரிய அந்த வாளியைத் தவிர வேறு வழியே இல்லை. அந்த வாளியில்தான் இரண்டு மாதமாக நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பால்காரம்மா நிறுத்தவில்லை. “நல்லவேளைக்கா, அவங்க நிம்மதியா கிளம்பறாங்க.”

“யார் கிளம்பறது?”

“கீழ அம்மாதான். உங்களுக்குத் தெரியாதா? நாளைக்குக் காலையில மகன் வீட்டுக்குப் போறாங்க. அவரு ஆறு வருஷமா கூப்பிட்டுட்டே இருக்காராம். ‘மேல அக்கா ஒத்தையா இருக்காங்கடா, நான் வந்துட்டா அவங்களுக்கு யாரு இருக்கா’ன்னு சொல்லிச் சொல்லித்தான் தட்டிக் கழிச்சாங்களாம். இப்ப உங்க பொண்ணு வந்துட்டாங்க, மருமகளும் மாசமா இருக்கு. சரின்னுட்டாங்க.”

அவள் போன பிறகு பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். ஆறு வருஷம்! நான் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆறு வருஷமும் அவள் எனக்குத் துணையாக இருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல், கீழே, ஏழு படிக்கு அந்தப் பக்கம். நானே அவளை வண்டி ஏற்றி அனுப்புகிறேன், ஜூஸ் கடைக் குப்பையைக் கொட்டி.

அன்று வேலையில் ஒரு காலரைத் தேய்ந்த பக்கம் வெளியே வைத்துத் தைத்துவிட்டேன். முப்பது வருஷத்தில் செய்யாத தப்பு. பிரித்து மறுபடி தைத்தேன். ஜூஸ் கடைக்காரி, “தோல் வேணாமாக்கா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

மாலையில் வாளியை எடுத்தேன். அன்றைக்கு நான் சாப்பிட்டது என்னவோ அதை மட்டும் போட்டேன். ஒரு முட்டை ஓடு. இரண்டு தடவை கொதிக்கவைத்த டீத்தூள். மூன்று பூண்டுத் தோல். வாளியின் அடி கூட மூடவில்லை. ஏழாவது படியில் வைத்துவிட்டு, மேல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து எடுத்தால் புரிந்துகொள்வாள். என் வாயால் சொல்ல வேண்டியிருக்காது. அந்த நேரத்திலும் வார்த்தையை மிச்சம் பிடிக்கத்தான் பார்த்தேன்.

அவள் வரவில்லை. மூட்டை கட்டும் வேலையில் மறந்திருப்பாள். காலையில் கதவைத் திறந்தால் வாளி வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. வாசல் பக்கம் வண்டியில் சாமான் ஏற்றும் சத்தம் கேட்டது.

போய் வாளியைத் தூக்கினேன். ஏழாவது படி வரைக்கும் கால் தானாக வந்துவிட்டது. எட்டாவது படிதான் பெரும்பாடு. வேலைக்குப் போகும்போது கூட வாசல் பக்கப் படியில்தான் இறங்குவேன், இந்தப் பக்கம் ஏழாவது படிக்குக் கீழே ஆறு வருஷமாகக் கால் வைத்ததில்லை. இறங்கினேன். பின்கதவு திறந்திருந்தது. சின்னவள் வெறும் சமையலறையில் நின்று, அலமாரித் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. எப்போது நரைத்தது?

திரும்பினாள். துணி கையிலிருந்து விழுந்தது. வாளியை நீட்டினேன்.

“என்னக்கா இது?”

“நேத்து நான் சாப்பிட்டது.”

“என்ன?”

வலது காது பக்கம் போய்க் கத்தினேன். “நேத்து நான் சாப்பிட்டதுன்னேன்! இவ்ளோதான்!”

குனிந்து பார்த்தாள். வாளியைச் சாய்த்துக்கூடப் பார்த்தாள்.

“அப்ப அந்த முலாம்பழம்?”

“ஜூஸ் கடை!”

“அன்னாசி?”

“அதுவும் ஜூஸ் கடைதான்!”

“சனிக்கிழமைக்கு ஆறு முட்டை வருமே?”

“ஒரு வாரத்து ஓடுடி! சேத்து வெச்சுப் போட்டேன்!”

வண்டிக்காரர் ஒரு பெட்டியைத் தூக்கியபடி நின்று எங்களையே பார்த்தார். பார்க்கட்டும்.

“உங்க பொண்ணு வரவேயில்லையா? மிட்டாய்?”

“நானே தின்னேன்.” அதைச் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் என் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டாள். முதலில் சிரிப்பு வந்தது அவளுக்கு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். நானும்தான்.

“போகாதடி,” என்றேன். “நீ போயிட்டா எனக்கு யாரும் இல்ல.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாளியைப் பார்த்தாள்.

“இந்த வாளிய ஒரு மாசம் முன்னாடி வெச்சிருக்கக் கூடாதாக்கா? மருமகளுக்கு அம்மா கிடையாது. நான் வரேன்னதும் அந்தப் பொண்ணு போன்லயே அழுதுடுச்சு. எப்படி இப்ப இல்லன்னு சொல்றது?”

சொல்ல முடியாதுதான். எனக்கே தெரிந்தது. அப்புறம் அவள், “அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான்...” என்று ஆரம்பித்தாள். ஆறு வருஷமாக எந்தப் பேச்சுக்காகக் காத்திருந்தேனோ அது. ஆனால் அதைக் கேட்டு இப்போது என்ன செய்ய?

“விடு. வண்டிக்காரர் நிக்கறார்,” என்றேன்.

பின்கட்டுச் சாவியை என் கையில் வைத்து மூடினாள். “மரத்துக்குத் தோல் போடணும். நிறையப் போடணும்.”

“அவ்ளோ தோலுக்கு நான் எங்கடி போறது?”

“ஜூஸ் கடைக்குத்தான்,” என்றாள்.

வண்டி தெருமுனை திரும்பிய பிறகு பின்கட்டுக்குப் போனேன். எலுமிச்சை மரத்தைத் தாண்டிச் சுவரோரமாக வரிசையாக ஒன்பது அன்னாசிச் செடி. நான் போட்ட அன்னாசித் தலைகளைத் தூக்கிப் போடாமல் ஒவ்வொன்றாக நட்டு வைத்திருந்தாள். எல்லாம் வேர் பிடித்து நிமிர்ந்து நின்றன. அதற்கு அந்தப் பக்கம் முலாம்பழக் கொடி படர்ந்திருந்தது. நான் மிச்சம் பிடிப்பவள் என்று ஊரெல்லாம் பேர். இவள் என் பொய்யைக்கூட வீணாக்கவில்லை.

இப்போது நானே வாளியைக் கீழே கொண்டுபோய்க் கொட்டுகிறேன், நானே அலம்புகிறேன். அலம்பிய வாளியை ஏழாவது படியில்தான் கவிழ்த்து வைக்கிறேன். காலையில் போய் நிமிர்த்துகிறேன். உள்ளே ஒன்றும் இருக்காது என்று தெரியும். தெரிந்தும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

தினம் மாலை ஆறு மணிக்குச் சின்னவள் போன் செய்வாள். பேறுகாலம் ஆகிவிட்டது, பெண் குழந்தை. பின்னால் அது அழுகிற சத்தம் கேட்கும். போனில் அவளுக்குக் காது இன்னும் குறைவாகத்தான் கேட்கும். அதனால் நான் பின்புறப் படியில் வந்து நின்று, தொண்டை கிழியக் கத்த வேண்டும். பக்கத்து வீடுகளில் ஜன்னல் திறக்கும். முதல் நாள் அவமானமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

“அக்கா, இன்னைக்கு வாளியில என்ன?”

“முட்டை ஓடு!”

“கேக்கல! எத்தனை?”

ஒரு விநாடி நாக்கு நுனி வரைக்கும் நாலு என்று வந்துவிடும். விழுங்கிக்கொள்வேன்.

“ஒண்ணு!” என்று கத்துவேன். “ஒண்ணுதான்டி!”

அந்தப் பக்கம் அழுகிற குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்கும். பிறகு சின்னவள், “சரிக்கா, நாளைக்குக் கூப்பிடறேன்,” என்பாள்.